கொட்டை எழுத்து

வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி வரை வந்து, அங்கே மலைப் பக்கம் திரும்பினால் அமிர்தி. 25 கிலோமீட்டர் இருக்கும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வனத்துறை 1967இல் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்கா, பக்கத்தில் ஆறு, மழை ஒழுங்காகப் பெய்த வருஷங்களில் அருவி. இந்த வழியில் படிக்கக் கிடைப்பது எல்லாமே பெரிய எழுத்து. பச்சைத் தலை வைத்த கிலோமீட்டர் கல், வனத்துறையின் எச்சரிக்கைப் பலகை, கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பிடித்துவைத்த சுவர், காதுகுத்துக்கு வைத்த ஃபிளெக்ஸ், டீக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் வால்போஸ்டர். உட்கார்ந்து வாசிக்கிற எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடந்துவிடும். பலகை கண்ணில் பட்டு மறைய இரண்டு மூன்று விநாடி. அதற்குள் ஊர்ப் பெயர் மனதில் ஏறியாக வேண்டும்.

தமிழ் எழுத்துருவைப் பற்றி நம்மில் அக்கறையாகப் பேசுகிற சிலரும் புத்தக எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பத்து பாயிண்டில் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, வரிகளுக்கு நடுவே மூச்சு இருக்கிறதா என்று. தலைப்புக்கும் பலகைக்குமான தடித்த எழுத்து, அதிலும் கோட்டின் முனையில் சின்னப் பாதமோ தலையோ வைத்த செரிஃப் வகை எழுத்து, தமிழில் யாருடைய பொறுப்பாகவும் இருந்ததில்லை. அச்சுக்கூடம் அதைப் பலகை எழுதுகிறவரிடம் விட்டது. பலகை எழுதுகிறவர் போனபிறகு அது கணினியிடம் வந்து சேர்ந்திருக்கிறது, கற்றுக்கொடுப்பார் இல்லாமல்.

‘அமிர்தி’ என்ற நாலெழுத்தையே எடுத்துக்கொள்வோம். மெல்லிய பேனாவில் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. அதே உயரத்தில் கோட்டை மட்டும் மூன்று மடங்கு தடிமனாக்கிப் பாருங்கள். முதலில் அ மாட்டிக்கொள்ளும். அதன் இடப்பக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை மறைந்து, சுழி ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். பொட்டும் பக்கத்தில் ஒரு தூணுமாக நிற்கிற அந்த உருவத்தை அகரம் என்று பழக்கத்தால்தான் படிக்கிறோம். அடுத்து ம. அதன் வலப்பக்க வளைவு மேலேறி உள்ளே மடங்குகிற இடத்தில் நெரிசல். அதற்கு மேல் இகரக் கொக்கி வேறு உட்கார வேண்டும். த-வின் வால் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே போகிறது. அடுத்த வரியில் ஏதாவது கொக்கியோ புள்ளியோ இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ர் தான் இதில் நுட்பமான பேர்வழி. ர-வையும் காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் அந்தச் சாய்ந்த கோடு மட்டும்தான். ஓலைச்சுவடியில் அந்த வேறுபாடே கிடையாது, இரண்டும் ஒரே உருவம்தான். ஏடு படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடுகளில் இதுவும் ஒன்று. பழைய அச்சிலும் புள்ளி வைத்த ர், கொக்கி வைத்த ரி இரண்டும் காலடி இல்லாமலே நின்றன. புள்ளி இருக்கும்போது குழப்பம் வராது என்று அன்றைய அச்சுக்காரர் கணக்குப் போட்டிருக்கலாம். இன்றும் கணினியில் காலைத் தட்டி அதன் தலையில் புள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். தடித்த எழுத்தில் இந்தக் காலடிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பது பெரிய கேள்வி. நீளமாக இழுத்தால் அடுத்து வரும் த-வின் வாலோடு சிக்கும். குட்டையாக நிறுத்தினால் தூணின் அடி வீங்கினாற்போல் ஆகும்.

கணியம்பாடிப் பக்கம் ஒரு பெயின்டர், இப்போது வீடுகளுக்குச் சுண்ணாம்பும் எமல்ஷனும் அடிக்கிறவர், முன்பு போர்டு எழுதியவர், இதை ஒரே பேச்சில் சொன்னார். “உள்ள எவ்ளோ காலியா வுடணும்னு மொதல்ல பாத்துக்கணும் சார். அப்புறம்தான் வெளிய தடிக்கிறது.” அவர் எழுதும் முறையைக் கேட்டேன். சுண்ணாம்பு நூலைச் சுண்டி மேலும் கீழும் கோடு. அதற்குள் சாக்பீஸில் எழுத்துகளின் வெறும் எலும்பு. பிறகு பட்டை பிரஷ். பிரஷை நேராகப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் பட்டையின் முழு அகலமும் விழும், அது தூண். அதே பிடியில் பக்கவாட்டில் இழுத்தால் பட்டையின் கனம் மட்டுமே விழும், அது மெல்லிய கோடு. கோட்டைத் தொடங்கும்போது பிரஷை ஒரு சாய்வில் வைத்து அழுத்தி, மயிர் படிந்த பிறகு இழுக்க வேண்டுமாம். முடிக்கும்போது ஒரு சிறு திருப்பு. அழுத்திய இடத்திலும் திருப்பிய இடத்திலும் எழுத்து கொஞ்சம் அகன்று நிற்கும். அதைத் தனியாக வரைவதில்லை, கை போகிற போக்கில் அது வந்துவிடுகிறது.

ரோமன் எழுத்துகளின் செரிஃப் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் கொடுத்த விடையும் ஏறக்குறைய இதுதான். கி.பி. 113இல் ரோமில் நிறுவிய டிராஜன் தூணின் அடியில் இருக்கும் கல்வெட்டை உலகத்து எழுத்துக் கலைஞர்கள் வேதம்போல் வைத்திருக்கிறார்கள். கல்லில் கோட்டின் முனையை உளியால் சுத்தமாக முடிக்கத்தான் அந்தப் பாதங்கள் வந்தன என்பது வெகுநாள் நம்பிக்கை. கேட்டிச் இளமையில் பலகை எழுதிப் பிழைத்தவர். அவருக்கு அது உளி வேலையாகத் தெரியவில்லை. முதலில் பட்டை பிரஷால் கல்லில் எழுதியிருக்கிறார்கள், உளி அதன் மேல் போனது மட்டும்தான், பாதம் என்பது பிரஷின் திருப்பு என்று 1968இல் ஒரு புத்தகமே எழுதினார். அறிஞர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்றில்லை. பலகை எழுதுகிறவர்கள் யாரும் அவரை மறுத்ததாக எனக்குத் தெரியாது.

இதைச் சொல்லக் காரணம், தமிழ் எழுத்துக்குச் செரிஃப் அந்நியம், வெள்ளைக்காரன் கொண்டுவந்து ஒட்டியது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மை. ஓலையில் எழுத்தாணிக்குத் தடித்தது மெலிந்தது என்று எதுவும் இல்லை. கீறல் ஒரே கனத்தில் ஓடும். நம் எழுத்துகளின் உருட்சி அங்கே வளர்ந்தது. உருண்டு வளைந்து தன்னிலேயே முடிகிற எழுத்துக்கு முனை ஏது, பாதம் வைக்க? ட, ப, ம, ய, ர, கால் என்று தூண் உள்ள எழுத்துகளில்தான் முனை கிடைக்கிறது. ஆங்கில எழுத்துக்கு வைக்கிற அதே தட்டைப் பாதத்தை ப-வின் இரண்டு தலையிலும் வைத்துப் பார்த்தால், வேட்டிக்குக் கீழே பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பிரஷ் பிடித்த கை கொடுக்கும் சாய்ந்த தொடக்கமும் அகன்ற முடிவும் தமிழுக்கு ஒட்டாமல் போகவில்லை. ஜவுளிக்கடைப் பலகையிலும் லாரியின் நெற்றியிலும் நாடக நோட்டீஸிலும் தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்துப் பழகியது அதைத்தான். வெளியிலிருந்து யாரும் கொடுக்காமல், கருவியிலிருந்து நேராக வந்த செரிஃப் அது. அதற்குப் பெயர் வைக்கவும் அளந்து வைக்கவும் யாரும் முன்வரவில்லை.

ஏன் என்று பார்த்தால், தமிழ் அச்சின் வரலாறு முழுக்க எழுத்தைச் சிறிதாக்கிய வரலாறாக இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம், அதற்குப் பெரிய எழுத்து ஒரு தொல்லையில்லை. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு கையில் பைபிள் இருந்தது, காகிதம் இல்லை. அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. இங்கிலாந்திலிருந்து வந்த செஷைர் பாலாடைக்கட்டியை மூடியிருந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள் என்பது அச்சு வரலாறு எழுதுகிற எல்லாரும் விரும்பிச் சொல்லும் கதை. புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. பிறகு சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி.ஆர். ஹன்ட் வந்தார். அவர் மேற்பார்வையில் உருவான சிறிய, சீரான எழுத்துகள் இல்லாவிட்டால் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்ஸ்லோ அகராதி 1862இல் ஒரே தொகுதியாக வந்திருக்காது. நம் அச்சு முன்னோடிகளைப் பாராட்டும்போதெல்லாம் இந்தச் சிறிதாக்கலைத்தான் பாராட்டுகிறோம். நியாயம்தான். பெரிய எழுத்தை யோசித்து வரைந்ததற்காக ஒரு பெயராவது அந்தப் பாராட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை.

இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. 1800களின் தொடக்கத்தில் லாட்டரி நோட்டீஸ், நாடக நோட்டீஸ், சாராய விளம்பரம் எல்லாம் லண்டன் சுவர்களில் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தபோது, ராபர்ட் தார்ன் போன்ற வார்ப்பாளர்கள் புத்தக எழுத்தை எடுத்து அதன் தூண்களை மட்டும் பூதாகரமாக ஊதிவிட்டார்கள். மெல்லிய கோடுகள் மயிரிழையாகவே நின்றன. 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிகின்ஸ் பாதங்களையே செங்கல்போல் கனமாக்கினார். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் ஒரு விஷயம் அப்போதே தீர்ந்தது: பெரிய எழுத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, சிறியதைப் பெரிதாக்கினால் அது வராது. நூறு வருஷம் கழித்து, 1922இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் செய்த கூப்பர் பிளாக் அந்தக் கணக்கின் இன்னொரு முனை. அதில் பாதங்கள் உண்டு, ஆனால் கூர்மையே கிடையாது. எல்லா முனையும் மழுங்கி, நெகிழ்ந்து இருக்கும். கூப்பரும் கையால் எழுத்து வரைந்து பழகியவர்தான். தமிழுக்குத் தடித்த செரிஃப் செய்ய நினைப்பவர் தார்னின் பக்கம் போவதைவிடக் கூப்பரின் பக்கம் போவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மயிரிழைக்கும் தூணுக்கும் நடுவே ஒரேயடியாகத் தாவுகிற எழுத்தில் நம் வளைவுகள் எங்கே தடிப்பது, எங்கே மெலிவது என்று தெரியாமல் தடுமாறுகின்றன. ஞ-வை அப்படி வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கல்லின் வழி வேறு. அமிர்தியிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் தாண்டித் தெற்கே இறங்கினால் செங்கம், தண்டராம்பட்டு. நடுகற்களின் சீமை அது. தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்திலேயே ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூல் போடும் அளவுக்கு அங்கே கற்கள். எடுத்தனூரில் இருப்பது முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; வீரனோடு நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. வட்டெழுத்து. கோடுகள் அப்படியொன்றும் தடிமன் இல்லை. உச்சிவெயிலில் போய் நின்றால் கல் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கீறலும் தன் பள்ளத்தில் நிழல் கட்டிக்கொண்டு எழுந்து வரும். அந்தக் காலத்து எழுத்துக்குக் கனம் கொடுத்தது அகலம் இல்லை, ஆழம். படியெடுக்கப் போகிறவர்கள் வெயிலைக் கணக்குப் பார்த்துப் போவதும் இதனால்தான். பலகை எழுதுகிறவர்கள் எழுத்தின் ஒரு பக்கமாக வேறு நிறத்தில் இழுத்துவிடும் ‘ஷேடு’ இருக்கிறதே, அது இந்தப் பள்ளத்து நிழலைத் தட்டையான தகரத்தில் வரவழைக்கிற வேலை. எழுத்தை அளவுக்கு மீறித் தடிக்காமலே கனமாகக் காட்ட அது ஒரு உபாயம். அ-வின் சுழி அடைபடாது.

சிற்றூர் அச்சகங்களின் கதை காசுக் கதை. தமிழ் ஃபாண்ட் ஒன்று வாங்குவது ஆங்கில ஃபாண்ட் வாங்குவதுபோல இல்லை. உகர, ஊகார எழுத்துகளுக்கு மட்டுமே 36 தனி அச்சு வேண்டும். கொக்கி ஒட்டிய எழுத்துகள், கிரந்தம் எல்லாம் மேலே. ஒவ்வொரு அளவுக்கும் இத்தனையும் புதிதாக. அதனால் டிரெடில் அச்சுப்பொறி ஓடிய பெரும்பாலான இடங்களில் உடல் எழுத்து இரண்டு அளவு, தலைப்புக்கு ஒரு கொட்டை எழுத்து, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் அந்த ஒரே ஃபாண்டில் போகும். சில உருக்கள் தேய்ந்து, ஒரு ‘ணு’ காணாமல் போய், கம்பாசிட்டர் வேறெதையோ திருப்பி வைத்துச் சமாளித்திருப்பார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கைகளும் ணா, றா, னா ஆகியவற்றின் சுழிகளும் போய், பெட்டியில் ஏழு அறை மிச்சமாயிற்று. துதிக்கைக்காக வருந்துகிறவர்கள் இப்போதும் உண்டு. தடித்த எழுத்தில் அந்த யானை படுத்திய பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு வருத்தம் குறைவு.

சிறுபத்திரிகைகள் இந்தக் காசுக் கதையிலிருந்து வேறு வழியில் தப்பின. தலைப்புக்கு நல்ல ஃபாண்ட் வாங்க வழியில்லை, ஆனால் ஒரு பெயரை வரைந்து துத்தநாகத்தில் பிளாக் எடுக்க முடியும். ஓவியர் நண்பர்கள் இருந்தார்கள். கே.எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்து கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பாருங்கள். கோட்டோவியக்காரரின் கை. எழுத்து தடிக்கிற இடத்தில் ஒரு காரணம் இருக்கும், மெலிகிற இடத்தில் தயக்கம் இருக்காது. ஆனால் அவை எல்லாம் ஒரு பெயருக்கு வரைந்தவை. அடுத்த மாதம் அதே கையில் வேறொரு சொல் வேண்டுமானால் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். எந்த எழுத்து எந்த எழுத்தின் பக்கத்தில் வந்தாலும் நிற்க வேண்டும் என்பது எழுத்துருவின் நிபந்தனை. அந்த வேலை நடக்காமலே ஒரு தலைமுறை போய்விட்டது.

இந்த இடைவெளிக்குள் ஃபிளெக்ஸ் வந்தது. ஒரே இரவில் இருபதடி பேனர், பெயின்டர் கூலியில் கால்வாசி. கடையில் உட்கார்ந்திருக்கும் டிசைனர் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர் பின்னால் நின்றுகொண்டு “இன்னும் கொஞ்சம் பெருசா, இன்னும் கொஞ்சம் தடியா” என்கிறார். பையனிடம் இருப்பது புத்தகத்துக்கோ அலுவலகக் கடிதத்துக்கோ செய்த எழுத்து. அதற்கு அதே நிறத்தில் அவுட்லைன் கொடுத்து ஊதுகிறான். கோடு வெளியே எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு உள்ளேயும் நகரும், இதுதான் அந்த உபாயத்தின் கேடு. பெயின்டர் முதலில் பார்த்துக்கொண்ட காலியிடம் இங்கே கடைசியாக, யாரும் பார்க்காமல் சாகிறது. கொக்கியின் உள்வளைவு மூடிக்கொள்ளும். புள்ளி பருத்துத் தூணில் ஒட்டும். இதை மறைக்க மஞ்சளில் இன்னொரு அவுட்லைன், அதற்கு வெளியே சிவப்பில் ஒன்று. மூன்று கரை போட்ட அந்த எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்தைவிடக் கரைதான் தெரிகிறது. பல மென்பொருள்களில் ‘போல்ட்’ என்ற பொத்தானும், தனியாகத் தடித்த எழுத்து இல்லாத ஃபாண்டுக்கு, இதே ஊதலைத்தான் சத்தமில்லாமல் செய்கிறது.

சட்டமும் சேர்ந்து நெருக்குகிறது. கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. நல்ல விதி. ஆனால் தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பெயரைவிட நீளம், எழுத்தும் அகலம். பாதிப் பலகையைத் தமிழுக்கு ஒதுக்கினாலும், எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கித்தான் பெயரை அடக்குகிறார்கள். நசுக்கும்போது தூண்கள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடிமனாகவே நிற்கும். பிரஷ் கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிர்.

கைக்கு எட்டுவது ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழ் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழுவின் பலூ தம்பி தடித்த எழுத்தாகவே பிறந்தது. உள்ளே இடம் விட்டு வெளியே பருத்த, சிரித்த முகமுள்ள எழுத்து, ஆனால் செரிஃப் இல்லை. அதே குழுவின் அனேக் தமிழில் கனத்தோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். 5:3:2 பலகைக்கு எழுத்தை நசுக்க வேண்டாம், ஒடுங்கிய வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதிலும் செரிஃப் இல்லை. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த கவிவாணரில் கையெழுத்தின் சாய்வு உண்டு, பலகையின் கனம் இல்லை. நோட்டோவின் மிகத் தடித்த வடிவம் ஒழுங்கானது. என்றாலும் அது வாசிப்பு எழுத்தின் குடும்பத்து மூத்த பிள்ளை. சுவரிலிருந்து தொடங்கிச் சுவருக்காகவே வரைந்த தமிழ்ச் செரிஃப் இன்னும் வர வேண்டியிருக்கிறது. அதற்கான மாதிரிகள் மியூசியத்தில் இல்லை. மலைச்சாலைகளில், வெள்ளையடிக்கப் பணமில்லாத சுவர்களில், பாதி உதிர்ந்த எனாமலில் இருக்கின்றன. அடுத்த தேர்தலுக்குள் யாராவது புகைப்படம் எடுத்து, தூணுக்கும் காலிக்கும் விகிதம் அளந்து வைத்தால் உண்டு.

அப்படி ஒருவர் செய்ய உட்கார்ந்தால், சோதனைக்கு அகரவரிசை வேண்டாம். அது நல்ல பிள்ளைகளின் வரிசை. ‘ஜமுனாமரத்தூர்’ என்று எட்டு எழுத்தை ஒரே வரியில் அடித்துப் பார்க்கட்டும். தொடக்கத்திலேயே ஜ, உள்ளே இரண்டு சந்து. மு-வும் தூ-வும் கீழே இறங்கும். த் புள்ளியோடு மேலே போகும். ர இரண்டு முறை வருகிறது, ஒன்று வெறுமனே, ஒன்று புள்ளியோடு. இரண்டுக்கும் காலடி ஒன்றாக இருக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். னா-வின் கால் அடுத்த ம-வோடு ஒட்டாமல் நிற்க வேண்டும், அதற்காக விலகிப் போய்ச் சொல்லை இரண்டாக உடைக்கவும் கூடாது. அதை நாலடி அகலப் பலகை அளவில் அச்செடுத்து, கொட்டைப் பாக்கு அளவுக்குக் கண்ணில் சிறுக்கிற தூரத்தில் நின்று படிக்கட்டும். பிறகு அதன் கீழேயே இரண்டாம் வரியாக ‘அமிர்தி வழி’ என்று போட்டு, தூ-வின் சுழி கீழ்வரிக் கொக்கிமேல் இடிக்கிறதா என்று பார்க்கட்டும். இடித்தால், வரி இடைவெளியைக் கூட்டுவது சோம்பேறி வேலை; தூ-வைத் திரும்ப வரைய வேண்டும்.